காரணிப்படுத்தல் முறைமைகளின்வழி உறவும் சார்பும்: வகைமைக் கோட்பாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொரு கணத்தின் ஒரே ஓர் உறுப்போடு இணைக்கும் உறவே சார்பு என்று பள்ளிக் கணிதம் வரையறுக்கிறது. கணங்களுக்கு முற்றும் பொருந்தும் இவ்வரையறை வரிசைக் கணங்கள், இடவியல் வெளிகள், குலங்கள் முதலிய அமைப்புகளுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. அமைப்போடு நாம் தேர்ந்துகொள்ளும் காரணிப்படுத்தல் முறைமையைப் பொறுத்தே விடை அமைகிறது என்பதை எடுத்துக்காட்டுகளுடன் இக்கட்டுரை விளக்குகிறது. உறவுகளின் சேர்ப்பு சேர்ப்புப் பண்பை நிறைவு செய்வதற்கு வேண்டிய நிபந்தனை நிறுவப்படுகிறது. சார்பாக நடந்துகொள்ளும் உறவு எப்பொழுது உண்மையான அம்பாகிறது என்பதும் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வகைமை, அம்பு, உறவு, சார்புறவு, காரணிப்படுத்தல் முறைமை, பின்னிழுப்பு, கவை.

1. முன்னுரை

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல் 'உறவுகளும் சார்புகளும்' என்னும் இயலுடன் தொடங்குகிறது. க, ச என்னும் இரு கணங்களின் கார்டீசியன் பெருக்கலாகிய க × ச என்பதன் உட்கணம் எதுவாயினும் அஃது உறவு. கவின் ஒவ்வோர் உறுப்புக்கும் சவில் ஒரே ஓர் இணை இருக்குமாயின் அவ்வுறவு சார்பு. இம்முறையில் உறவு முதலிலும் சார்பு அதன் சிறப்பு வகையாகப் பின்னரும் வருகின்றன.

சாமுவேல் ஐலன்பெர்க்கும் சாண்டர்ஸ் மக்லேனும் 1945இல் வெளியிட்ட கட்டுரையின்வழித் தோன்றிய வகைமைக் கோட்பாடு இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. ஆங்கிலத்தில் கேட்டகரி எனப்படுவதையே இங்கு வகைமை என்கிறோம். வகைமையில் பொருள்கள் உண்டு. பொருளிலிருந்து பொருளுக்குச் செல்லும் அம்புகள் உண்டு. அடுத்தடுத்த அம்புகளைச் சேர்க்கும் விதி உண்டு. பொருளுக்குள் உறுப்புகள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கணங்களின் வகைமையில் அம்பு என்பது சார்பு. வரிசைக் கணங்களின் வகைமையில் வரிசையைக் காக்கும் சார்பு. குலங்களின் வகைமையில் குலச்செயலைக் காக்கும் சார்பு. இங்கு அம்பே முதற்பொருள். உறவை அம்புகளிலிருந்தே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. அம்புகளிலிருந்து உறவை ஆக்கி, அவ்வுறவுகளுள் சார்பு போல் நடந்துகொள்பவற்றைப் பிரித்தெடுத்தால், தொடங்கிய அம்புகளையே மீண்டும் பெறுவோமா? பள்ளிக் கணிதத்தின் பாதையும் வகைமைக் கோட்பாட்டின் பாதையும் ஓரிடத்தில் கூடுமா என்பதே இவ்வினாவின் பொருள். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு விளைவு உண்டு என்று காட்டிவிட்டு, 'ஆகவே இதனை ஓர் அம்பாகக் கொள்வோம்' என்று மேற்செல்லும் நிறுவல் ஒவ்வொன்றும் இவ்வினாவின் விடையை நம்பியே நிற்கிறது.

2. காரணிப்படுத்தல் முறைமை

கணங்களில் எந்தச் சார்பையும் இரண்டு படிகளாகப் பிரிக்கலாம். முதற்படி மதிப்பகத்தை வீச்சகத்தின் மீது முழுமையாகப் பரப்பும் மேல் சார்பு. இரண்டாம் படி வீச்சகத்தைத் துணை மதிப்பகத்தினுள் வைக்கும் ஒன்றுக்கொன்றான சார்பு. இக்கருத்தின் பொதுமையாக்கமே காரணிப்படுத்தல் முறைமை. இதன் இன்றைய வடிவத்தை வகுத்தவற்றுள் பீட்டர் பிரைடு, மாக்ஸ் கெல்லி ஆகிய இருவரும் 1972இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது.

ஒரு வகைமையின் அம்புகளிலிருந்து இரண்டு வகுப்புகளைத் தேர்ந்துகொள்வோம். முதல் வகுப்பின் அம்புகளை மேலம்புகள் என்றும் இரண்டாம் வகுப்பின் அம்புகளைப் பதியம்புகள் என்றும் இக்கட்டுரை வழங்கும். அவை நிறைவு செய்ய வேண்டியவை மூன்று:

அ) இரு வகுப்புகளும் மீளத்தக்க அம்புகளைக் கொண்டிருக்கும், சேர்ப்பின்கீழ் அடைவு பெறும்.

ஆ) ஒவ்வோர் அம்பும் ஒரு மேலம்பு, அதனையடுத்து ஒரு பதியம்பு எனப் பிரியும். அப்பதியம்பை முதல் அம்பின் பிம்பம் என்கிறோம்.

இ) இடப்பக்கம் மேலம்பும் வலப்பக்கம் பதியம்பும் அமைந்த ஒவ்வொரு பரிமாற்றுச் சதுரத்திலும், மேலம்பின் முடிவிலிருந்து பதியம்பின் தொடக்கத்துக்குச் செல்லும் மூலைவிட்ட அம்பு ஒன்று, ஒன்றே, உண்டு.

மூன்றாம் நிபந்தனையால் பிரிப்பு ஒருமைத்தன்மை பெறுகிறது. மேலம்பாகவும் பதியம்பாகவும் ஒருங்கே அமையும் அம்பு மீளத்தக்கது என்பதும் இதன் விளைவே. இவ்விளைவு ஐந்தாம் பகுதியில் பயன்படும்.

ஒரே வகைமையில் முறைமைகள் பல இருக்கலாம். வரிசைக் கணங்களில் பின்வரும் இரண்டைக் கருதுவோம்.

முறைமை ஒன்று: மேலம்பு என்பது வரிசை காக்கும் மேல் சார்பு. பதியம்பு என்பது உட்கணத்துக்கு முழுக் கணத்தின் வரிசையை அப்படியே அளிக்கும் உட்பதிவு.

முறைமை இரண்டு: பதியம்பு என்பது வரிசை காக்கும் ஒன்றுக்கொன்றான சார்பு எதுவும். மேலம்பு என்பது, முடிவுக் கணத்தின் வரிசை முழுவதும் தொடக்கக் கணத்தின் வரிசையிலிருந்தே கடப்பு விதியால் பிறக்கும்படி அமைந்த மேல் சார்பு.

முதலாவதில் பிம்பம் தன் வரிசையைப் போய்ச் சேரும் இடத்திலிருந்து பெறுகிறது. இரண்டாவதில் புறப்பட்ட இடத்திலிருந்து பெறுகிறது. சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் விளைவுகள் பெரியவை.

3. உறவும் அதன் சேர்ப்பும்

பெருக்கல்களும் பின்னிழுப்புகளும் உள்ள வகைமையில், கவிலிருந்து சவுக்கு ஓர் உறவு என்பது க × ச என்னும் பொருளினுள் செல்லும் பதியம்பு. அதாவது ய என்னும் ஒரு பொருளும், அதிலிருந்து கவுக்கும் சவுக்கும் செல்லும் இரண்டு அம்புகளும் ஆகும். உச்சியிலிருந்து இரு கிளைகளாகப் பிரியும் இவ்வடிவத்தைக் கவை என்பது பொருந்தும். உறவு, பதியம்பு நிபந்தனைக்கு உட்பட்ட கவை.

கவிலிருந்து சவுக்கு ய என்னும் உறவும் சவிலிருந்து தவுக்கு ர என்னும் உறவும் இருப்பின், அவற்றின் சேர்ப்பாகிய ய;ர இரண்டு படிகளில் அமைகிறது. முதற்படி, யவும் ரவும் சவில் ஒத்துப்போகும் இணைகளைத் திரட்டுவது, இதுவே பின்னிழுப்பு. இரண்டாம் படி, அத்திரட்டிலிருந்து க × த என்பதற்குச் செல்லும் அம்பின் பிம்பத்தை எடுப்பது. கணங்களில் இது 'இடையில் இருபுறமும் பொருந்தும் ஓர் உறுப்பு உண்டு' என்னும் கூற்றாகிறது. 'உண்டு' என்னும் அச்சொல்லின் பொருளை முடிவு செய்வது இரண்டாம் படி. மேலம்புகளின் வகுப்பை மாற்றினால் 'உண்டு' என்பதன் பொருளும் மாறுகிறது.

தமிழ் உரைமரபிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். உரையாசிரியர்களின் கணத்தையும் தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களின் கணத்தையும் எடுத்துக்கொள்வோம்; உரை கிடைப்பதை உறவாகக் கொள்வோம். இளம்பூரணருக்கு மூன்று அதிகாரங்களிலும் உரை உண்டு. நச்சினார்க்கினியருக்கு எழுத்து, சொல் ஆகியவற்றோடு பொருளதிகாரத்தின் ஒரு பகுதிக்கும் உரை கிடைக்கிறது. சேனாவரையருக்குச் சொல்லதிகாரத்துக்கு மட்டும் கிடைக்கிறது. இவ்வுறவை அதன் மறுதலையோடு சேர்த்தால் 'ஒரே அதிகாரத்துக்கு உரை செய்தோர்' என்னும் உறவு பிறக்கிறது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இதில் தொடர்புறுகின்றனர். இளம்பூரணரும் சேனாவரையரும் அவ்வாறே தொடர்புறுகின்றனர். இரண்டு தொடர்புகளும் வெறும் 'உண்டு' என்ற அளவிலேயே நிற்கின்றன.

இப்பொழுது முறைமையை மாற்றுவோம். மீளத்தக்க அம்புகளை மட்டும் மேலம்புகளாகவும் எல்லா அம்புகளையும் பதியம்புகளாகவும் கொண்டால், பிம்பம் எடுக்கும் படி எதனையும் சுருக்காது. கவைகள் அனைத்தும் உறவுகளாகும். முதல் இணையருக்கு இடையில் மூன்று தொடர்புகளும் இரண்டாம் இணையருக்கு இடையில் ஒரு தொடர்பும் தனித்தனியே எஞ்சும். முடிவுறு கணங்களில் இச்சேர்ப்பு, இயல் எண்களைக் கொண்ட அணிகளின் பெருக்கலோடு ஒத்தது. கவைகளின் இவ்வுலகை ழான் பெனபூ 1967இல் இரட்டை வகைமைகளுக்கு எடுத்துக்காட்டாக முன்வைத்தார்.

எதிர்முனையில், எல்லா அம்புகளையும் மேலம்புகளாகக் கொண்டால் பதியம்புகள் மீளத்தக்கனவாக மட்டுமே எஞ்சும். அப்பொழுது எந்த இரு பொருள்களுக்கும் இடையில் ஒரே ஓர் உறவே இருக்கும்; எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புறும். பயனுள்ள முறைமைகள் இவ்விரு முனைகளுக்கும் இடையில் அமைகின்றன. இனிவரும் பகுதிகளில், ஒவ்வொரு பதியம்பும் ஒன்றுக்கொன்றானது, ஒவ்வொரு மேலம்பும் தனக்குப் பின்வரும் இரு வேறு அம்புகளை ஒன்றாக்காதது என்று கொள்வோம். இந்நிலையில் ஒவ்வோர் அம்பின் வரைபடமும் ஓர் உறவாகும்.

4. சேர்ப்புப் பண்பின் விலை

உறவுகளைக் கொண்டு கணக்கிட வேண்டுமாயின் (ய;ர);ல என்பதும் ய;(ர;ல) என்பதும் ஒன்றாதல் வேண்டும். இதற்கான நிபந்தனையைப் பின்வருமாறு கூறலாம்.

கூற்று: உறவுகளின் சேர்ப்பு சேர்ப்புப் பண்பை நிறைவு செய்ய, மேலம்புகள் பின்னிழுப்பின்கீழ் மேலம்புகளாகவே நிலைத்திருப்பது தேவையும் போதுமானதும் ஆகும்.

போதுமானது என்பது எளிது. மேலம்புகள் நிலைத்திருப்பின், இரு அடைப்புகளும் மூன்று உறவுகளின் கூட்டுப் பின்னிழுப்புக்கு எடுக்கும் ஒரே பிம்பமாக முடிகின்றன. இடையில் ஒருமுறை பிம்பம் எடுத்ததால் எதுவும் மாறுவதில்லை.

தேவை என்பதைக் காட்ட, ம : ச → த என்னும் மேலம்பையும் ன : ப → த என்னும் ஏதேனும் ஓர் அம்பையும் எடுத்துக்கொள்வோம். மூன்று உறவுகளை அமைப்போம். ய என்பது ஓருறுப்புப் பொருளிலிருந்து சவுக்குச் செல்லும் முழு உறவு. ர என்பது மவின் வரைபடம். ல என்பது னவின் வரைபடத்தின் மறுதலை; அது தவிலிருந்து பவுக்குச் செல்கிறது. ய;ர என்பது மவின் பிம்பம்; ம மேலம்பாதலால் அது முழு த. அதனை லவோடு சேர்த்தால் முழு ப கிடைக்கிறது. மறுபக்கம் ர;ல என்பது ச, ப ஆகியவற்றின் தமீதான பின்னிழுப்பு. அதனோடு யவை முன்னால் சேர்த்தால், அப்பின்னிழுப்பிலிருந்து பவுக்குச் செல்லும் அம்பின் பிம்பம் கிடைக்கிறது. இரு விடைகளும் ஒன்றாக வேண்டுமெனில் அவ்வம்பு மேலம்பாதல் வேண்டும். அவ்வம்பே மவின் பின்னிழுப்பு. எனவே கூற்று நிறுவப்பட்டது.

இந்நிபந்தனை முறிவதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. நான்கு புள்ளிகள் போதும். வரிசைக் கணங்களில் முறைமை இரண்டைக் கொள்வோம். ச என்பது 1 < 2 என்னும் இணையும் 2′ < 3 என்னும் இணையும் தனித்தனியே நிற்கும் கணம். த என்பது 1 < 2 < 3 என்னும் சங்கிலி. 2, 2′ ஆகிய இரண்டையும் ஒன்றாக ஒட்டும் சார்பு ம. சங்கிலியில் 1 < 3 என்பது கடப்பு விதியால் பிறப்பதால் ம மேலம்பே. இப்பொழுது நடுப்புள்ளியை நீக்கி, ப என்பதை 1 < 3 என்னும் உட்கணமாகக் கொள்வோம். பின்னிழுப்பில் 1, 3 ஆகிய இரு புள்ளிகள் எஞ்சுகின்றன. ஆயினும் அவற்றுக்கு இடையில் வரிசை இல்லை. 1 < 3 என்பதற்குச் சான்றாக நின்றது 2; அது நீங்கியதும் சான்றும் நீங்கியது. ஆகவே ஓர் அடைப்பு 1 < 3 என்னும் வரிசையையும் மற்றோர் அடைப்பு வரிசையற்ற இரு புள்ளிகளையும் விடையாகத் தருகின்றன. இம்முறைமையில் உறவுகள் வகைமையாக அமைவதில்லை.

முறைமை ஒன்றில் இச்சிக்கல் இல்லை. மேல் சார்புகள் பின்னிழுப்பின்கீழ் மேல் சார்புகளாகவே நிற்கும். உறவுகளின் கணக்கு இடையூறின்றி நடைபெறும். எனினும் இந்நன்மைக்குரிய விலை வேறோரிடத்தில் வெளிப்படுகிறது.

5. சார்புறவு எப்பொழுது அம்பாகும்?

மேலம்புகள் நிலைத்திருக்கும் முறைமையில், கவிலிருந்து சவுக்குச் செல்லும் ய என்னும் உறவைச் சார்புறவு என்று அழைக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும். முழுமை: கவின் எப்பகுதியும் விடுபடக்கூடாது. ஒருமை: கவின் ஓரிடத்துக்குச் சவில் இரு விடைகள் இருக்கக்கூடாது. இவற்றை உறவுகளின் சேர்ப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றால் மட்டுமே கூறலாம். யவை அதன் மறுதலையோடு சேர்த்தால் கவின் முற்றொருமை உறவு அதனுள் அடங்க வேண்டும்; மறுதலையை யவோடு சேர்த்தால் அது சவின் முற்றொருமை உறவினுள் அடங்க வேண்டும்.

இவ்விரண்டும் கவையின் இடக்கிளையைப் பற்றிய கூற்றுகளாக மாறுகின்றன. முழுமை என்பது ய → க என்னும் கிளை மேலம்பு என்பதற்குச் சமம். ஒருமை என்பது அக்கிளை ஒன்றுக்கொன்றானது என்பதற்குச் சமம். ஆகவே சார்புறவு என்பது இடக்கிளை மேலம்பாகவும் ஒன்றுக்கொன்றானதாகவும் அமைந்த உறவு. அக்கிளை மீளத்தக்கதாயின் அதனை எதிர்த்திசையில் கடந்து வலக்கிளைவழிச் சவை அடையலாம். உறவு ஓர் அம்பின் வரைபடமாகிவிடும். மீளத்தக்கதன்று எனின் அவ்வழி இல்லை.

எனவே முன்னுரையில் எழுப்பிய வினா ஒரே நிபந்தனையாகச் சுருங்குகிறது: ஒன்றுக்கொன்றான மேலம்புகள் அனைத்தும் மீளத்தக்கனவா? ஒன்றுக்கொன்றான அம்புகள் அனைத்தும் பதியம்புகளாயின் விடை ஆம் என்பதே. மேலம்பாகவும் பதியம்பாகவும் அமைவது மீளத்தக்கது என்பதை இரண்டாம் பகுதியில் கண்டோம்.

குலங்களில் மேல் சார்புகளும் ஒன்றுக்கொன்றான சார்புகளும் இத்தகைய முறைமையை அமைக்கின்றன. க × ச என்னும் குலத்தின் உட்குலம் ஒன்று முழுமையும் ஒருமையும் உடையதாயின், அது குலச்செயலைக் காக்கும் சார்பின் வரைபடமே. பள்ளிப் பாதையும் வகைமைப் பாதையும் இங்குக் கூடுகின்றன.

பானாக் வெளிகளிலும் இதே நிலை. தொடர்ச்சியான, இருபுறச் சார்பாகிய நேரியல் அம்பின் மறுதலையும் தொடர்ச்சியானது என்பது திறப்புத் தேற்றத்தின் விளைவு. மூடிய வரைபடத் தேற்றத்தின் வழக்கமான நிறுவல் மேற்கூறிய பாதையிலேயே செல்கிறது: வரைபடம் மூடியதாயின் அதுவே ஒரு பானாக் வெளி, அதன் இடக்கிளை இருபுறச் சார்பு, எனவே அது மீளத்தக்கது, ஆகவே சார்பு தொடர்ச்சியானது. பகுப்பாய்வின் புகழ்பெற்ற தேற்றம் ஒன்று, சார்புறவு அம்பாகும் என்னும் பொதுக் கூற்றின் ஒரு நிகழ்வாகத் தோன்றுவது கருதத்தக்கது.

வரிசைக் கணங்களில் முறைமை ஒன்றின் நிலை வேறு. கவிலிருந்து சவுக்கு ஏதேனும் ஒரு சார்பை எடுத்துக்கொள்வோம். அது வரிசையைக் காக்க வேண்டியதில்லை. அதன் வரைபடத்துக்கு க × ச என்பதன் வரிசையை அளித்தால் அது பதியம்பு. அதன் இடக்கிளை மேல் சார்பு, ஒன்றுக்கொன்றானதும் ஆகும். ஆகவே அது சார்புறவு. வரிசையைக் குலைக்கும் சார்புகளும் சார்புறவுகளாகிவிடுகின்றன. வரிசைக் கணங்களிலிருந்து புறப்பட்டு, உறவுகளின்வழிச் சென்று, திரும்பி வந்தால் வரிசை மறைந்து வெறும் கணங்களே கையில் எஞ்சுகின்றன.

இடவியல் வெளிகளில் மேல் சார்புகளையும் உள்வெளிப் பதிவுகளையும் கொண்டால் இதுவே நிகழும். 0 முதல் 1 வரையுள்ள, 1 நீங்கிய அரைத்திறந்த இடைவெளியை வட்டத்தின் மீது ஒருமுறை சுற்றினால் தொடர்ச்சியான இருபுறச் சார்பு கிடைக்கிறது. அதன் மறுதலை முழுமையும் ஒருமையும் உடையது. எனினும் தொடக்கப்புள்ளியில் வட்டத்தை அறுப்பதால் தொடர்ச்சியற்றது. 'ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே விடை உண்டு, ஆகவே தொடர்ச்சியான சார்பு உண்டு' என்னும் முடிவு இங்குச் செல்லாது.

6. ஆய்வு வரலாற்றில் இவ்வினா

உறவுகளின் இயற்கணிதம் வகைமைக் கோட்பாட்டினும் பழையது. டி மார்கன் 1860இலும், தார்ஸ்கி 1941இலும் அதனை வளர்த்தனர். பொதுவான வகைமைகளில் உறவுகளைக் காரணிப்படுத்தலின்வழி அமைப்பதை ஏரன் கிளைன் 1970இல் ஆராய்ந்தார். பிம்பங்கள் பின்னிழுப்பின்கீழ் நிலைத்திருக்கும் ஒழுங்கு வகைமைகளை மைக்கேல் பார் 1971இல் முன்வைத்தார். குலங்களின் வகைமை இவ்வகையைச் சேர்ந்தது. சார்புறவு அம்பாகாத நிலையை மாக்ஸ் கெல்லி 1991இல் எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கொன்றான மேலம்புகளுக்கு மறுதலைகளைச் சேர்த்துப் புதிய வகைமை ஒன்றை ஆக்கினால் அது ஒழுங்கு வகைமையாகிறது; பழைய உறவுகளே அதன் உறவுகளாகின்றன. முறைமை ஒன்றின்கீழ் வரிசைக் கணங்களுக்கு இதனைச் செய்தால் கணங்களின் வகைமையே கிடைப்பதை முற்பகுதியின் கணக்கு காட்டுகிறது. பதியம்புகள் ஒன்றுக்கொன்றானவையாக இல்லாத நிலைக்கும் சார்புறவு என்னும் கருத்தைத் துஷ்கோ பாவ்லோவிச் 1995இல் விரித்தார்.

7. முடிவுரை

முழுமையும் ஒருமையும் உடைய உறவே சார்பு என்னும் வரையறை கணங்களில் உண்மையாவதற்குக் காரணம், அங்கு ஒன்றுக்கொன்றான மேல் சார்பு ஒவ்வொன்றும் மீளத்தக்கது என்பதே. வரையறை தானாகவே அவ்வுண்மையைத் தருவதில்லை. வரிசைக் கணங்களில் ஆராய்ந்த இரு முறைமைகளும் இரு வேறு இழப்புகளைக் காட்டின: ஒன்று உறவுகளின் சேர்ப்பைக் காத்து வரிசையைக் கைவிட்டது, மற்றொன்று வரிசையைக் காக்க முயன்று சேர்ப்புப் பண்பை இழந்தது. குலங்களும் பானாக் வெளிகளும் இரண்டையும் ஒருங்கே காக்கின்றன.

ஆகவே, ஓர் அமைப்பில் 'ஒரே ஒரு விடை உண்டு' என்பதிலிருந்து 'அமைப்பைக் காக்கும் சார்பு உண்டு' என்பதற்குச் செல்ல விரும்புவோர் முதலில் இரண்டினைச் சோதித்தல் வேண்டும். மேலம்புகள் பின்னிழுப்பின்கீழ் நிலைக்கின்றனவா என்பது ஒன்று. ஒன்றுக்கொன்றான மேலம்புகள் மீளத்தக்கனவா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உறுதியான இடத்தில் பள்ளிப் பாடநூலின் வரையறையை எவ்வித மாற்றமுமின்றிப் பயன்படுத்தலாம்.